வெளிநடப்பு

காரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று
வீட்டிலேயே பேசிவைத்துக்கொண்டுதான் வந்தோம்.
நிறத்தைக் குறை சொல்வது நான்.
"பக்கத்துக் கடையிலை இதைவிடக் குறைவாம்" என்பது குகதாசன்.
ஆரபிக்குச் சொல்ல மறந்துவிட்டோம்.

ஸ்ரான்லி வீதியில் இறங்கி
மழைக்கோட்டைக் கழற்றுவதற்குள்
பின்கண்ணாடியில் படிந்திருந்த புகாரில்
தன் பெயரை எழுதிவிட்டாள்.
நிக்சன் அதைப் பார்த்தான்.
அந்த மூன்று எழுத்தால்
எங்களுக்கு எவ்வளவு நட்டம் என்று
அவன் மனதுக்குள் கணக்குப் போட்டதை
நானும் பார்த்தேன்.

எழுபத்தெட்டு லட்சம், என்றான்.
எழுபத்தைந்து, என்றேன்.
"அக்கா, துறைமுகத்துச் செலவே கூடிப்போச்சு."
"வெள்ளை, தம்பி. எங்கட ஒழுங்கைச் செம்மண்ணுக்கு
ரெண்டு நாள் தாங்காது."
பிளாஸ்டிக் உறை கழற்றாத சீட்டில்
குகதாசன் மெல்லச் சாய்ந்து பார்த்தார்,
கோயிலுக்குள் செருப்போடு வந்துவிட்டவர்போல.
பக்கத்துக் கடை வசனம் அவருக்கு வரவேயில்லை.

கச்சேரி வேலை முடிந்து
குருநகரில் மீன் வாங்குகிறவள் நான்.
விளைமீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு
நாலடி நடந்தால்
ஐந்தாவது அடியில் "இஞ்சை வாங்கோ" கேட்கும்.
காருக்குச் செவுள் இல்லை.
பொனற்றைத் திறந்து காட்டினான்.
எல்லாம் கறுப்பு மூடிகள்.
விளங்கினவள்போல ஓம் ஓம் என்றேன்.

எழுபத்தேழரை. அதுதான் கடைசி, என்றான்.
"சரி தம்பி, போட்டு வாறம்."
பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு
திரும்பிப் பாராமல் நடந்தேன்.
நல்ல நடை. எனக்கே பிடித்தது.

ஸ்கூட்டி இயங்கவில்லை.

அவர் உதைத்தார். நான் உதைத்தேன்.
பதினேழு வயது வண்டி, கனைத்துவிட்டுப் படுத்தது.
கார்த்திகை மழை
மூவர் மேலும் ஒரே விலைக்குப் பெய்தது.
வெளிநடப்புச் செய்யவும் ஒரு வாகனம் வேண்டுமென்று
யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

நிக்சன் வந்தான்,
பிளக் கழற்றும் சாவியோடு.
குந்தியிருந்து கழற்றி, ஊதி,
வெள்ளைச் சேட்டின் நுனியால் துடைத்தான்.
"இதிலையோ அக்கா ஊரெழு மட்டும் போறியள்?"
ஒரே உதை. பிடித்துக்கொண்டது.

இப்போது போகலாம்.
வண்டி இரைந்துகொண்டு நின்றது.
நாங்கள் ஏறவில்லை.
அவனும் உள்ளே போகவில்லை.
கையில் ஒட்டிய கரியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:
"எழுபத்தாறே முக்கால். கால்மிதியும் போட்டுத் தாறன்.
முதலாளியோடை நான் கதைக்கிறன்."

சேட்டு நுனியைப் பார்த்தேன்.
இனி அது வெளுக்காது.
பாவம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

"எழுபத்தாறரை," என்றேன்.

மழைக்குள் நின்று சிரித்தான்.
"அக்கா எங்கை மீன் வாங்கிறனீங்கள்?"

திறப்பைத் திருப்பி
ஸ்கூட்டியை நிற்பாட்டினேன்,
திரும்ப இயங்குமோ என்று யோசிக்காமல்.