பதினான்கு நாள்

வாலிபால் கம்பத்துக்குப் பக்கத்தில்
ஒரு பலகை நட்டுப் போயிருந்தார்கள்.
செந்தூலில் எங்களுக்கு மிச்சமிருந்த திடலில்
முப்பத்தெட்டு மாடி வருகிறதாம்.
ஆட்சேபம் இருந்தால் பதினான்கு நாளுக்குள்
எழுத்தில் தெரிவிக்கவும்.

சி பிளாக்கைச் சுற்றி அப்போது முள்கம்பி.
கம்பிக்கு அந்தப் பக்கம் பலகை.
நடந்தால் நாற்பது அடி.
நடக்கக்கூடாது.

சாப்பாடு கொண்டுவந்த மோட்டார்சைக்கிள் பையன்
படமெடுத்து அனுப்பினான்.
தேதியைப் பார்த்தேன்.
ஐந்து நாளாக அது
புல்லுக்கு மட்டும் அறிவித்துக்கொண்டிருந்தது.

நான் குடியிருப்போர் சங்கச் செயலாளர்.
ஒரு கூட்டத்துக்குத் தாமதமாகப் போனதால்
கிடைத்த பதவி.
அதுவரை நான் எழுதிய கடிதங்கள்
லிப்ட் பற்றியும்
குப்பைக் குழாயில் யாரோ திணித்த மெத்தை பற்றியும்தான்.
அன்றிரவு அரிசிப் பை கணக்கு நோட்டின் பின்பக்கம்
மலாய் மொழியில் எழுதினேன், நான்கு முறை அடித்து.
பத்தாம் மாடி நோர்ஹயாத்தி டீச்சர்
வாட்ஸ்அப்பில் திருத்தினாள்:
“கெஞ்சாதே அக்கா.
‘தயவுசெய்து’ மூன்று இடத்தில் இருக்கிறது.
எடு.”

பிரிண்டர் இருந்தது
பதினேழாம் மாடி லோ கிம் ஹுவாட்டிடம் மட்டும்.
கதவு தட்டக்கூடாது, லிப்டில் சேர்ந்து ஏறக்கூடாது.
கொடிக்கயிறுகளை முடிந்து
பெயின்ட் வாளியில் தாளை வைத்து
சன்னல் சன்னலாக இறக்கினார்.
காற்று தூக்காமலிருக்க மேலே
ஒரு டின் சார்டின்.

அவரவர் பேனா. அடுத்தவருடையதைத் தொடாதே.
ஆகவே அந்தத் தாளில்
நீலம், கறுப்பு, டீச்சரின் சிவப்பு,
ஒன்பதாம் மாடியில் புருவம் தீட்டும் பென்சில்.
சானிட்டைசர் ஈரத்தில் இரண்டு பெயர்கள்
கரைந்து ஒன்றையொன்று தொட்டுவிட்டன.
அந்த வாரம் சி பிளாக்கில்
வேறு எதுவும் தொட்டுக்கொள்ளவில்லை.

ஆறாம் மாடி இன்பநாதன்.
கார் நிறுத்துமிடச் சண்டைக்குப் பிறகு
இரண்டு வருஷமாய் என்னோடு பேச்சில்லை.
கையெழுத்துக்குக் கீழே எழுதியிருந்தார்:
“திடலுக்காக. செயலாளருக்காக அல்ல.”
நான் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டேன்.

நாலாம் மாடியில் வாளி நெடுநேரம் நின்றது.
கயிற்றை ஆட்டிப் பார்த்தார் கிம் ஹுவாட்.
“பொறுங்க, இருமி முடிக்கட்டும்”
என்றது தவமலரின் குரல்.
பிறகு வாளி அசைந்தது.
பரஞ்சோதி, பஸ் ஓட்டுநர், கோணலாக, முழுப் பெயர்.
சார்டினைக் காணோம்.
யாரும் கேட்கவில்லை.
இரண்டாம் தாளை இறக்கும்போது கிம் ஹுவாட்
மூன்று டின் வைத்தார்.

பன்னிரண்டாம் நாள்
அதே மோட்டார்சைக்கிள் பையன்
மாநகர் மன்ற வாசல் பெட்டியில் போட்டான்.
கூலி வாங்கவில்லை.
திடலில் அவனும் பந்தடித்தவன்.

ஏழு வாரம் கழித்து விசாரணை, திரையில்.
எனக்கு சிக்னல் கிடைப்பது படிக்கட்டில்தான்.
அதிகாரிக்குப் பின்னால் ஒரு பொய்க் கடற்கரை.
“புவான், மைக் அணைந்திருக்கிறது.”
எங்களுக்குத் தந்த ஐந்து நிமிடத்தில் மூன்றை
எட்டாம் மாடிப் படிகள் மட்டும் கேட்டிருந்தன.

பிறகு பெயர்களை வாசித்தார்.
இருப்பவர் ‘இருக்கிறேன்’ சொல்ல வேண்டும்.
“பரஞ்சோதி, சி நாலு பதினொன்று?”

சுங்கை பூலோவுக்கு ஆம்புலன்ஸ் போய்
ஒரு மாதம் ஆகியிருந்தது.

“வரவில்லையென்றால் நீக்கிவிடலாமா?”

ஒரு சதுரம் வெளிச்சமானது.
தவமலர். சொந்த வீட்டுக்குள்ளும் முகக்கவசம்.
பின்னால் எங்கோ குக்கர் கூவிற்று.
“கையெழுத்து அவருடையது.
ஆட்சேபம் எனக்கும் உண்டு.
என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.”
ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.
அவர் ஒவ்வோர் எழுத்தாக எழுதினார்.
கடற்கரையில் ஓர் அலைகூட அசையவில்லை.

முடிவு இன்னும் வரவில்லை.
கம்பியை எடுத்துவிட்டார்கள்.
நேற்றைய மழையில் பலகை சாய்ந்து
முகம் சேற்றில் கிடந்தது.
நல்லதென்று நினைத்துக் கடந்தேன்.
இன்பநாதன் அதைத் தூக்கி,
சட்டை நுனியால் துடைத்து,
கல்லால் அடித்து நிமிர்த்தி நட்டுக்கொண்டிருந்தார்.
“கீழே கிடந்தால் ஜனங்கள் எப்படிப் படிப்பதாம்”
என்றார்,
வாலிபால் கம்பத்திடம் சொல்வதுபோல்
என்னிடம்.