எல்.டி.சி. பில்லில் வராதது

அந்தமானிலிருந்து வந்த மூன்றாம் நாள்
சத்துவாச்சாரியில் நூற்றி ஏழு டிகிரி.
பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன்.
ராதாநகர் கடற்கரை கொஞ்சம்
மொசைக் தரையில் விழுந்தது.
சலித்த மாவு மாதிரி மணல்.
பாலாற்று மணல் இப்படி இருக்காது,
அது கரகரவென்று, லாரிக்கென்றே பிறந்தது.

பரணியின் ஒற்றைக் காலுறை
தானாக நகர்ந்தது.

எலி என்று கத்தி நான் கட்டிலில் ஏறிவிட்டேன்.
லக்ஷிதா மட்டும் அழ ஆரம்பித்தாள்.
அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.
போர்ட் பிளேர் விமான நிலையத்தில்
கிளிஞ்சல் ஏதாவது இருக்கிறதா என்று
பை பையாகக் கேட்டபோது
கேட்காமலேயே இரண்டாம் தரமும்
இல்லையென்று தலையாட்டியவள்.

காலுறைக்குள் ஒரு சங்கு.
சங்குக்குள் ஒரு நண்டு.
மிளகளவு இரண்டு கண்கள்
காம்பின் மேல் எழும்பி
எங்கள் வீட்டை ஒரு சுற்று பார்த்தன.

"சங்குன்னுதான் எடுத்தேன்.
உள்ள ஆள் இருக்குன்னு தெரியாது."

குண்டான் தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்து
நாக்கில் வைத்துப் பார்த்து
இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டான் பரணி.
கடல் எவ்வளவு கரிக்கும் என்பது
எங்கள் மூவருக்கும் நினைவிருந்தது.

இவர் கடலில் இறங்கவில்லை.
ஐந்து பகலில் ஓர் அலைகூட இல்லை.
மூன்று ஜோடி செருப்பு, நாலு பை,
போர்டிங் பாஸ் வைத்த பழுப்பு உறை,
இவற்றுக்குக் காவலாக
ஒரு மரத்தடியில் சப்பணமிட்டு இருந்தார்.
கூப்பிட்டால்,
"நீங்க போங்க. யாராவது பாத்துக்கணுமில்ல."
தலைமைத் தபால் நிலையத்தில்
பதினெட்டு வருஷமாய்
அடுத்தவர் பார்சலைப் பார்த்துக்கொள்ளும் உடம்பு.
கழிஞ்சூரில் பிறந்து
ஆறு என்றால் கிரிக்கெட் ஆடும் இடம் என்று
வளர்ந்தவருக்கு
நீச்சல் எங்கே கிடைக்கும்?
எண்ணூறு போட்டோவில் இவர் இல்லை.
ஒன்றில் மட்டும், ஓரமாக, ஒரு முழங்கை.

"பாலாத்துல வுட்டா
தண்ணி வரும்போது கடலுக்குப் போயிடும்ல நைனா?"
லக்ஷிதா கேட்டதற்கு
இவர் பதில் சொல்லவில்லை.
"தண்ணி வரும்போது" என்பதை மட்டும்
தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார்.

மறுநாள் ஞாயிறு.
ஐஸ்கிரீம் டப்பா மூடியில் ஆணியால் ஏழு ஓட்டை.
ஈரத்துணி, அதன்மேல் நண்டு.
சுற்றிச் சணல் போட்டுக் கட்டினார்,
ஆபீஸில் போடும் அதே முடிச்சு.
அனுப்புநர் முகவரி ஒன்றுதான் குறை.
காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ்.
அரக்கோணத்திலிருந்து ஒரு போன்:
நிற்கக்கூட இடமில்லையாம்.
"அது உயிரோட இருக்கா?"
"சுரண்டுது."
அப்புறம் மதியம்வரை ஒன்றுமில்லை.

நான் இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காயில்
குழம்பு வைத்தேன்.
பரணி போனில் வரைபடத்தை விரித்து
"ரெண்டும் ஒரே வங்காள விரிகுடாதாம்மா,
நடந்தே ஊருக்குப் போயிடும்" என்றான்.
ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர்.
லக்ஷிதா பக்கத்தில் இருந்தாள்.
ஆமாம் என்றேன்.

மாலை ஐந்தரைக்கு வந்தார்.
டப்பா காலி.
"வுட்டுட்டீங்களா?"
"வுட்டுட்டேன்."
"போச்சா?"
"மொதல்ல போவல. கரையிலயே நின்னுச்சு.
அப்புறம் போச்சு."
வேறெதுவும் சொல்லாமல்
துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

கழற்றிப் போட்ட ஆபீஸ் பேன்ட் கதவின்மேல் கிடந்தது.
முழங்கால்வரை மடித்துவிட்ட சுருக்கம்.
அதற்கும் மேலே,
இடுப்புப்பட்டைக்கு நாலு விரல் கீழே
வெள்ளையாக, கோணலாக,
காய்ந்துபோன ஓர் உப்புக் கோடு.

தொட்டு நாக்கில் வைத்தேன்.
பரணி
இன்னும் ஒரு கை போட்டிருக்கலாம்.