நாலாவது குமிழ்

பஞ்சிகாவத்தையில் நாற்பத்தோராயிரத்துக்கு
ஓவர்லொக் மெசின்.
ஓட்டோக்காரன் பாரத்துக்குத் தனியாகக் கேட்டான்.

மூடிக்குள்
யாரோ வெட்டிய நீலத்துணியின் பஞ்சு,
முறிந்த ஊசிமுனை,
'லைன் 14' ஸ்டிக்கர்.

நாலு நூலும் கோத்து இரவெல்லாம் திருகினேன்.
ஓரம் சுருண்டது, தொங்கியது, அறுந்தது.
கீழ்வீட்டு மெர்வின் தன் சீலிங்கில்
தும்புத்தடியால் இடித்தார்.
பழைய பாட்டாவை நாலாய் வெட்டி
மெசினின் கால்களுக்குக் கொடுத்தேன்.

விடியப்புறம் எண்ணெய் துடைக்கையில்தான் கண்டேன்:
குமிழ் ஒவ்வொன்றிலும்
பருப்பளவு கியூட்டெக்ஸ், மாதுளை நிறம்.

புள்ளிகளை நேராக்கினேன்.
மூன்று சரி.
நாலாவது
இன்னும் அரைச் சுற்று இறுக்கச் சொல்கிறது.
அவளுடைய நூல் மொத்தம் போல.

புள்ளியைச் சுரண்டவில்லை.
பக்கத்தில் பேனையால் ஒரு கோடு.

திங்கட்கிழமைக்குள்
பன்னிரண்டு பள்ளிச்சட்டை.