ஒறம்பரை

ராயபுரம் லைன் வீடுகளில் ஐந்தாம் நம்பர்.
"அறைத் திறப்பைத் தாருங்கோ" என்றேன்.
இடுப்பில் சாவிக்கொத்தோடு நின்ற
தெய்வாத்தாள் அக்கா கேட்டார்:
"தெறப்பு விழாவாங் அம்மிணி? எப்பங்?"

ஒரே மொழி என்றுதான்
விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன்.

பதிவு அலுவலகத்திலும் அப்படித்தான்.
நாடு: இலங்கை. நோக்கம்: தொண்டு, ஆறு மாதம்.
தாய்மொழிக் கட்டத்தை நிரப்பியதும்
எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
என்னை ஒருமுறை பார்த்தார், கட்டத்தை ஒருமுறை.
திரும்பும் வழியில் ஆட்டோக்காரர்
"மலையாளமுங்களா?" என்ற ஒரே கேள்வியில்
பாலக்காடு கடந்து இறக்கிவிட்டார்.
வாடகையும் ஏறக்குறைய அவ்வளவு.

பாண் கேட்டேன்.
பேக்கரிப் பையன் எதிரே
பீடாக் கடையைக் கை காட்டினான்.
வந்து ஒரு கிழமை என்றேன்,
"எந்தக் கிழமைங்?" என்றார்கள்.
துவாய், கதிரை, சவுக்காரம் எல்லாவற்றையும்
பெட்டிக்குள் மடித்து வைத்தேன்,
குளிருக்கு உதவாத உடுப்பைப் போல.

ஒரு சொல் மட்டும் மடியவில்லை.

நல்ல தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருதரம்.
மற்ற நாளெல்லாம் உப்புத் தண்ணீர்,
நிலத்துக்குள் எண்ணூறு அடியிலிருந்து.
விடிய ஐந்து மணிக்கு
வாசல் வாசலாக யாரோ கத்திக்கொண்டு போனார்கள்:
"போர் போட்டாச்சு! போர் வந்துருச்சு!"
கதவைத் திறந்தபோது
என் கையில் பாஸ்போர்ட் இருந்தது.
எப்போது எடுத்தேன் என்று தெரியாது.
முற்றத்தில் பத்துக் குடங்கள் வரிசையில் நின்றன.
குடம் இல்லாமல் வந்த என்னைப் பார்த்து
"பக்கெட் இல்லீங்களா?" என்றார் நாலாம் நம்பர்.

புதுக்குடியிருப்பில் அது முடிந்தபோது
எனக்கு ஆறு வயது.
இதை யாருக்கும் சொல்லவில்லை.
நீலத்தில் ஒரு வாளி வாங்கினேன்.

பொழுதோடு ஆறரைக்கு
செக்கிங் செட்டின் பின்கட்டில் பள்ளி.
ஒடிசாவிலிருந்து வந்த பதினொரு பிள்ளைகளுக்குத்
தமிழ் சொல்லிக்கொடுக்கத்தான் கடல் தாண்டினேன்.
பனியன் வேஸ்ட்தான் டஸ்டர்.
ஜெர்மனிக்கு எந்த நிறம் போகிறதோ
அந்த நிறத்தில் அன்று கரும்பலகை துடைப்போம்.
"வீட்டுக்குப் போக வேண்டும்" என்று எழுதினேன்.
ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவளின் மகள் லிப்சா
எழுந்து நின்று திருத்தினாள்:
"போகோணும், டீச்சர்."
அம்மா போனில் சொல்வதும் அதுதான்.
அதே ஓணும், அதே இழுப்பு.
இன்னொருதரம் சொல் என்றேன்.
சொன்னாள்.
இன்னொருதரம்.
பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஞாயிறுகளில் அரிசிம்பருப்பு வரும்,
நடுவில் நெய்க் குழியோடு.
"ஒறம்பரைப் புள்ளைக்கு" என்று சொல்லித்தான்
தெய்வாத்தாள் அக்கா எடுத்துவருவார்.
ஒருநாள் தட்டை நீட்டியபடியே கேட்டார்:
"நீங்கெல்லாம் அங்க என்ன ஆளுங்க?"
"ஸ்டூடன்ட்" என்றேன்.
சிரித்தார்.
தட்டைத் தந்தார்.
பிறகும் கொஞ்ச நேரம் நின்றார்.

ஐப்பசியில் மோட்டார் எரிந்தது.
மூன்று நாள் லாரித் தண்ணீர்.
நாலாம் நாள் படிக்கட்டுச் சுவரில்
சாக்கட்டியால் பங்குக் கணக்கு:
காயில் கட்டின கூலி, வயர், ஆள் சாப்பாடு.
ஒவ்வொரு வீட்டுக்கும் இருநூத்தி முப்பது.
"ஒறம்பரைகிட்டப் போயி வாங்குவாங்களாங்க்கா?"
என்றார் நாலாம் நம்பர்.
"ரெண்டு மாசமாக் குளிக்கறாளல்லொ,
அப்புறமென்ன ஒறம்பரை" என்றார் அக்கா.
சுவரில் ஐந்தாவது வரியில்
என் பெயரைக் கண்டேன்.
யதுர்சிகா அல்ல, எதர்சி.
பரவாயில்லை.
இருநூற்றைம்பது கொடுத்தேன்,
இருபது ரூபாய் மீதி வந்தது.

அடுத்த நாள் விடிய
லிப்சாதான் முதலில் கத்தினாள்,
"போர் வந்துருச்சு!"
எல்லோரும் ஓடினார்கள்.
நானும் ஓடினேன்,
நீல வாளியோடு.