பதினொன்றாம் அறையில் விட்டுப்போனது

யாரோ பிரெஞ்சுக்காரர் எழுதி
யாரோ தமிழ்ப்படுத்திய கொலைக்கதை.
கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்ததென்று
பெருக்க வந்த செங்காயி
சாவிப்பலகைக்குக் கீழே வைத்துப் போனாள்.

ஆற்றோரம் ஓர் ஊர்.
கல்பாலம், ஜன்னல்தோறும் சிவப்புப் பூந்தொட்டி,
ரொட்டிக்கடை, மாதாகோயில் மணி.
எல்லோரும் எல்லோருக்கும் வணக்கம் சொல்கிறார்கள்.
பத்திர எழுத்தர் மட்டும்
இரண்டாம் பக்கத்திலேயே
சூப்புக் கிண்ணத்தில் முகம் கவிழ்ந்து கிடக்கிறார்.

பிரான்சு நான் பார்த்ததில்லை.
ரொட்டிக்கடையை ஒண்டிக்கடை முக்கில் வைத்தேன்.
ஆற்றுக்கு ஏற்காட்டு ஏரி போதும்.
துப்பறிவாளரைச்
சேலத்துக் கடைசிப் பஸ்ஸில் ஏற்றினேன்.
பதினான்காவது கொண்டை ஊசியில்
மனுஷன் வாந்தி எடுத்தார்.
கதையில் அது இல்லை.

மணி ஒன்றரை.
மூடுபனி வரவேற்பறைக் கண்ணாடிவரை வந்துவிட்டது.
நூற்றுப்பதினேழாம் பக்கத்தில்
முதல் பென்சில் கோடு.
எந்தச் செடி,
வேரா விதையா,
எத்தனை மணி நேரம் ஆகும்,
இவற்றுக்குக் கீழே மட்டும் கோடு.
கொலை செய்தது யாரென்று சொல்லும் கடைசிப் பக்கங்கள்
விரல் படாமல் புதுசாய் இருந்தன.
ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி:
காப்பியில் கசப்பு தெரியாது.

காப்பித் தோட்டத்து ஊரில் வந்து
இப்படியா எழுதிவைப்பது!

பதிவேட்டைப் புரட்டினேன்.
அறை 11. இருவர். மூன்று இரவுக்கு முன்பணம்.
அமலோற்பவம், அரிசிப்பாளையம்.
'ப'வின் அடிக்கோடு அங்கேயும்
வலப்பக்கம் கொஞ்சம் நீண்டுதான் போகிறது.

அந்த ஆள்
பேனாவை அவளிடம் தூக்கிப் போட்டது,
குனிந்து எடுத்தவள் மணிக்கட்டில்
நான்கு விரல் தடம்,
நான் பார்ப்பதைப் பார்த்து
வளையலை அவள் கீழே இறக்கிக்கொண்டது.
இரண்டாம் நாள் காலையே காலி செய்தார்கள்.
போகிற வழிக்கு பிளாஸ்க் நிரப்பச் சொன்னார்கள்.
சர்க்கரை தூக்கலாக, அவருக்கு, என்றாள்.
மூடியைத் திருகிக் கொடுத்தவன் நான்தான்.

அவர்கள் இறங்கிப் பதினெட்டு மணி நேரம்.
அந்தப் பக்கத்தில் ஒன்பது மணி நேரம் என்றுதான் போட்டிருக்கிறது.

துப்பறிவாளர் எல்லோரையும்
கூடத்தில் உட்காரவைத்துத்
தொண்டையைக் கனைக்கிறார்.
இங்கே உட்காரவைக்க
நானும் இந்த பிளாஸ்டிக் நாற்காலியும்தான்.

டெலிபோன் இருக்கிறது.
இழுப்பறையில், ரசீதுப் புத்தகத்துக்கு அடியில்,
பாதி தேய்ந்த ரப்பரும் இருக்கிறது.

நூற்றுப்பதினேழிலிருந்து தொடங்கினேன்.