ஒட்டுப்பால் பந்து

புதன்கிழமை ஐந்தாவது பீரியடு, ஆறாம் வகுப்பு பி.
கரும்பலகையில் எழுதினேன்:
நல்ல குடிமகன்.
திரும்புமுன்பே சிரிப்பு.
கடைசி பெஞ்சுக்காரன் ரெஜின் தள்ளாடி நடந்து காட்ட
மழை விழுந்த தகரம்போல் வகுப்பே இரைந்தது.
எனக்கும் உதட்டோரம் கொஞ்சம் வந்தது. மறைக்கவில்லை.

சிரிக்காதவன் ஒருவன்.
ஸ்டெர்லின், வருகை எண் முப்பத்தொன்று.
டெஸ்க்குக்கடியில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தான்.
அவன் அப்பா வில்சனை
குலசேகரத்தில் கடைசி பஸ் வரும் நேரம்
எல்லாருக்கும் தெரியும்.

அழித்துவிட்டுக் ‘குடிமக்கள்’ என்று எழுதினேன்.
பெனிஷா எழுந்தாள்.
"மக்கள்ணா பிள்ளியதானே டீச்சர்?"
"ஆமா. சனங்களும்தான்."
"அப்போ பஸ்ஸுல கண்டக்டர் ‘கேறு மக்ளே’ண்ணு சொல்லுகது
என்னையா, நாட்டையா?"
பாடநூலைப் புரட்டினேன், சும்மா.

கடமைகள் ஐந்து.
வரி, வாக்கு, பொதுச்சொத்து…
நான்காவதில் மணி அடித்துவிட்டது.

பள்ளிக்கு எதிரே
திற்பரப்பு போகும் ரோட்டில் பஞ்சாயத்துக் குழாய்.
ஓணத்துக்கு முன்பே கழுத்தில் விரிசல்.
கூப்பிடு தூரத்தில் அணை இருக்கிற ஊர்,
வெள்ளம் போனால் யார் அழப்போகிறார்கள்?
நானும் தினம் சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு
அந்தச் சேற்றைத் தாண்டித்தான் குடிமையியல் நடத்த வருகிறேன்.

நாலு பத்துக்கு வெளியே வந்தபோது
ஸ்டெர்லின் குழாயடியில் குந்தியிருந்தான்.
கையில் பந்து.
ரப்பர் மரத்தின் வெட்டுக்காயத்தில் உறைந்ததை
நாடா நாடாவாக உரித்து
மாதக்கணக்கில் சுற்றிய ஒட்டுப்பால் பந்து.
மூக்கருகே கொண்டுபோனால் நாறும்.
எறிந்தால் கொடிக்கம்பத்துக்கு மேலே போகும்.
பதினைந்து ரூபாய்க்குக் கேட்டும் கொடுக்காத பந்து.
அதைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

இழுத்து இழுத்துச் சுற்றினான்,
வெட்டுப்பட்ட விரலுக்குச் சுற்றுவதுபோல.
நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் ரெஜின்.
"இறுக்கிப் பிடிலே."
"பிடிச்சிருக்கேன், நீ சுத்து மக்கா."
பீச்சல் கசிவாயிற்று.
கசிவு சொட்டாயிற்று.
சொட்டு நிற்கவில்லை.

மனு எழுதினோம்.
‘விரிசல்’ என்பதை நாலு விதமாக எழுதி
ஐந்தாவதைச் சரியாக எழுதினார்கள்.
முப்பத்திநாலு கையெழுத்து, சிலது படங்கள் போல.
பஞ்சாயத்து ஆபீஸில் சொன்னார்கள்:
"பிள்ளியளுக்க கையெழுத்து செல்லாது டீச்சர்.
வார்டில ஓட்டு உள்ள ஆளு ஒண்ணு வேணும்."
என் ஓட்டு கருங்கல்லில்.

மறுநாள் பத்து மணிக்கு வில்சன் வந்தார்.
பால் வெட்டி முடித்த கை, அதில் ஆசிட் வாசம் மட்டும்.
விடியுமுன் கட்டிய விளக்குப்பட்டை
நெற்றியில் விட்டுப்போன கோடு.
உதடு அசைய முழுதும் படித்தார்.
"நானும் தினம் பாக்கியதுதான்" என்றார்,
என்னைப் பார்க்காமல்.
நான் அவரைப் பார்க்காமல் பேனாவை நீட்டினேன்.
வார்டு எண்ணை மகனிடம் கேட்டு எழுதினார்.

அன்றிரவும் அவர் கடைசி பஸ் வரும் நேரத்து ஆள்தான்.
மனு அதற்குப் போட்டதில்லை.

பத்தொன்பது நாள் கழித்து ஓர் ஆள் வந்து
கத்தியால் கீறி, ஒட்டுப்பாலை ஓடையில் வீசி,
புதுக் கழுத்து மாட்டிப் போனார்.
யாரும் கைதட்டவில்லை. கணக்குப் பரீட்சை நேரம்.

பருவத் தேர்வில் வந்தது அதே கேள்வி:
குடிமக்களின் கடமைகள் ஐந்தனை எழுதுக.
ஸ்டெர்லின் நான்குதான் எழுதியிருந்தான்.
நான்கு மதிப்பெண் போட்டேன்.
சிவப்பு மையை மூட மறந்து
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே சுவரில் ஏதோ மோதும் சத்தம்.
ஓடையில் இறங்கிப் பொறுக்கியதையெல்லாம்
திரும்பச் சுற்றியிருக்கிறான்.
ஒரு பக்கம் துருக்கறை.
நேராக எறிந்தாலும்
இப்போது அது கோணலாகத்தான் துள்ளுகிறது.
எந்தப் பக்கம் வரும் என்று தெரியாமல்
ஆறாம் வகுப்பு பி முழுக்க
கைகளை விரித்து நிற்கிறது.