காம்புக் கழிவு

காலை ஐந்தே முக்காலுக்கு
எடைமேடையைப் பெருக்குகிறேன்.
நேற்றைய டயர்கள் விட்டுப்போன செம்மண்,
நசுங்கிய பெங்களூரா, ஒரு செருப்பு வார்.
பெருக்காவிட்டால்
ஒன்றும் நிற்காத மேடை
இருபது கிலோ என்று சிவப்பில் காட்டும்,
வராத லாரியின் எடை.

பொத்தானை அழுத்திப்
பூஜ்யம் வந்தபிறகுதான்
நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வேன்.
எந்திரத்துக்குப் பூசை என்று
முதலாளி நினைக்கிறார்.
நினைக்கட்டும்.

காவேரிப்பட்டணம் சாலையில்
கூழ் ஆலைக்கு வரும் எந்த வண்டியும்
என் சன்னலைத் தாண்டித்தான் போகவேண்டும்.
ஆறாவதோ ஏழாவதோ
சவரியப்பனின் வண்டி.

சீட்டில் நான் கைவைக்கிறேன் என்று
போன பருவத்தில் சொன்னவன்.
நாற்பத்தேழு நாள் வீட்டில் இருந்தேன்.
கணக்கு சரியென்று தெரிந்து
என்னைக் கூப்பிட்டார்கள்,
சம்பளத்தைக் கூப்பிடவில்லை.
மகளின் பள்ளி வேன்
எங்கள் சந்து முனையில் நிற்காமல்
நாற்பத்தேழு காலை போனது.

ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லும்போது
நல்லவேளை, ஆண்கள் பக்கம் வேறு.
தந்தையை அழைக்கும் ஜெபத்தில்
பொறுப்பது என்ற சொல் வருமிடத்தில் மட்டும்
எனக்கு இருமல் வரும்.
ரெஜினா டீச்சர் முதலில் தண்ணீர் கொடுத்தாள்.
பிறகு கொடுப்பதை நிறுத்திவிட்டாள்.

ஆனி மாதம் ஒருநாள்
அவன் சுமை எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது.
அறுநூற்று இருபது என்று எழுதினேன்.
இருபது கிலோ. எவனுக்குத் தெரியும்?
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான்,
மாதா படத்துக்குப் பின்னால்.
அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.
அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் சன்னலில் சொல்லிவிட்டேன்.
பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்கிறது.
பீடியை எடுத்தான், பற்றவைக்கவில்லை.
எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது,
நாற்பத்தேழு நாள் கடன்காரனிடம்
இருபது கிலோவுக்குக் கைகட்டி நிற்கிறேன்.
"காம்புக் கழிவுன்னு எழுதிக்கக்கா"
என்றான். கிளட்சை விட்டான். போய்விட்டான்.
தன் பங்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
இன்றுவரை இல்லை.

மத்தியானம் வண்டி ஓய்ந்த நேரம்
நானே மேடையில் ஏறி நின்றேன்.
பத்துக் கிலோவுக்குக் கீழே
இந்த எந்திரத்துக்குக் கண் தெரியாது.
ஐம்பத்தாறான என்னை அறுபது என்றது.
அவன் சொன்ன சொல்லை
வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்: திருடி.
அறுபது.
இன்னும் உரக்கச் சொன்னேன்.
அறுபதேதான்.
காவலாளி முருகேசன் எட்டிப் பார்த்துவிட்டு
தலையை இழுத்துக்கொண்டார்.

கிருஷ்ணகிரிப் பக்கம் மலை
வெயிலில் வெளுத்துக் கிடந்தது.
அதன் உச்சியிலிருந்து பார்த்தால்
இந்த மேடை ஒரு தீப்பெட்டி,
நானும் சவரியப்பனும் உள்ளே இரண்டு குச்சி.
அதற்கும் மேலிருந்து பார்க்கிறவர்
எங்கள் இருவரையும்
எந்தப் பக்கம் முழுமையாக்கி எழுதுகிறாரோ,
கூட்டியா, கழித்தா.
கழித்திருந்தால் நான் எப்போதோ பூஜ்யம்.

பொறுப்பது.
மேடை அதைத்தான் நாளெல்லாம் செய்கிறது.
கிரானைட்டைப் பொறுக்கிறது, மாங்காயைப் பொறுக்கிறது,
இறங்கியதும் மறந்துவிடுகிறது.
மண் மட்டும் தங்கிவிடுகிறது.
மண் மேடையின் குற்றமில்லை.

மன்னித்துவிட்டேன் என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.
இன்று காலை மன்னித்தேன், அவ்வளவுதான்.
போன ஞாயிறுகூட இருமல் வந்தது,
சின்னதாக.
துடைப்பம் கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

இன்று ஏழாவதாக வந்தான்.
ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து.
அப்படியே எழுதினேன்.